கோழிக்கடைக்காரனில் ஒரு கேஸ்

லண்டன் நோர்பரியில் பொரிச்ச கோழிக் கடை வைத்திருந்த பாலேந்திராவுக்கு அன்று நல்ல பயம் பிடித்துவிட்டது. பின்னே என்ன? கடை நிறையச் சனம் நிற்க, கமலேஸ்வரி அக்கா வந்து, "உன்ர கோழியைத் திண்டு திண்டுதான் என்ர மனிசன் இப்பிடி ஊதிப்போய், சீனி வருத்தமும் வந்து கிடக்கிறார். இப்பிடியே போனால் காலை எடுக்க வேண்டி வருமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். உன்னில கேஸ் போடுறன் பார்!" என்று கத்திவிட்டுப் போனால் யாருக்குத்தான் பயம் வராது?

அவவின் மனிசன் இராஜேந்திரன் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறவர். மத்தியானமும் இரவும் அவருக்கு இந்தக் கடைதான்.

அடுத்த நாளே பாலேந்திரா கடையைப் பூட்டிப்போட்டு லோயரிடம் ஓடினான். லோயர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அமெரிக்காவில கன மாநிலங்களில, உடம்பு வைச்சதுக்குக் கடைக்காரனில கேஸ் போட ஏலாதெண்டு சட்டமே போட்டு வைச்சிருக்கிறாங்கள். இங்க அப்பிடிச் சட்டம் இல்லை. ஆனாலும் இந்தக் கேஸ் நிக்காது. தெரிஞ்சுதானே தின்னுறார்? பயப்பிடாமல் போம்."

அப்பாடா! பாலேந்திரா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே கமலேஸ்வரியின் வீட்டுக்குப் போனான்.

"அக்கா, கேஸ் நிக்காதாம்."

"தெரியும். நானும் விசாரிச்சனான்." அவவுக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் சொல்லியும் கேக்கிறாரில்லை, டொக்டர் சொல்லியும் கேக்கிறாரில்லை. நீயாவது குடுக்காமல் விடன், தம்பி."

சட்டம் அவன் பக்கம்தான். ஆனாலும் வெட்கமாய்ப் போயிற்று. இராஜேந்திரனுக்கு எப்போதும் ஒரு துண்டு கூடப் போட்டுக் கொடுப்பதை, அன்பு என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்திருந்தான்!

பின்னேரம் கடையைத் திறந்ததும் இராஜேந்திரன் வந்தார்.

"இல்லை அண்ணை, உங்களுக்கு இனித் தரமாட்டன்."

"என்ன பகிடியோ? இந்த றோட்டில உன்ர கடை மட்டும்தானோ கிடக்கு?" கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

சொன்னது சரிதான். பக்கத்துத் தோர்ன்டன் ஹீத் வரைக்கும் வரிசையாய்க் கோழிக்கடைதான். ஆனால் முக்கால்வாசியும் எங்கட தமிழ் ஆக்களின் கடை. பாலேந்திரா போனைத் தூக்கினான். ஒவ்வொருவராய்ப் பிடித்துக் கெஞ்சினான், ஒருத்தனோடு சண்டையும் பிடித்தான்.

கொஞ்ச நேரத்தில் இராஜேந்திரன் திரும்பி வந்தார். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"எல்லாரும் சேர்ந்து என்னைப் பட்டினி போடுறியளோ? உங்கள் எல்லாரிலையும் கேஸ் போடுறன்!"

"போடுங்கோ அண்ணை. கோட்டுக்கு நடந்து வாறதுக்கு உங்களுக்குக் காலெண்டாலும் இருக்கட்டும்."

இராஜேந்திரன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, குரலைத் தாழ்த்தி, "கமலம், வீட்டில என்ன கறி? சாப்பிட வாறன்" என்றார்.