ஐஸ் பெட்டியின் ஒயர்

“கரண்டு போனாலும் போகும், நம்ம லைவ் போகாது சார்.” அடக்கத்துக்கு முந்தின நாள் ராத்திரி குவைத்திலிருந்து பேசிய ரெஜினிடம் வீடியோக்கார இளம்பரிதி இப்படித்தான் பீற்றிக்கொண்டான். ரெஜினுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இறந்துபோன அப்பா இருதயசாமியின் முகத்தை அவன் கடைசியாகப் பார்ப்பதென்றால், மன்னார்குடியிலிருந்து வரும் இந்தக் கேமரா வழியாகத்தான்.

பீற்றலில் பொய்யில்லை. கேமராவின் சொந்த பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதை எடுத்துவிட்டு, ஒயர் வைத்த டம்மி பேட்டரியைச் செருகிப் பெரிய பவர் பேங்கில் மாட்டிவிட்டால் நாள் முழுக்க ஓடும். பவர் பேங்கில் சார்ஜ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே பவர் பேங்கைப் போனில் மாட்டிக் கிரிக்கெட் பார்த்தபடியே தூங்கிப்போன மகராசன் இளம்பரிதிக்கு அது ஞாபகம் வரவில்லை. கழற்றி வைத்த பேட்டரியும் ஸ்டுடியோவிலேயே கிடந்தது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம், இருதயசாமி வீட்டுக் கூடத்தில் லைவ் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பவர் பேங்கின் கடைசி விளக்கு சிமிட்டியது. இளம்பரிதி பிளக் செருக இடம் தேடினான். சுவரோரம் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு ஓட்டைகூடக் காலியில்லை. பாய்க்கு அடியில் போன ஒயர்களில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தான். ஃபேன் நிற்கவில்லை, லைட் அணையவில்லை. சும்மா கிடந்த ஒயர் என்று தன் அடாப்டரை அங்கே செருகிவிட்டு நிம்மதியாக நின்றான். அழுகைச் சத்தத்தில், வேறொன்று நின்றுபோனது யார் காதிலும் விழவில்லை.

ஜெபம் சொல்லச் சர்ச் சாமியார் வரும் நேரத்துக்கு மூத்த மகள் ஜூலியட்டின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ரெஜின்தான்.

“அக்கா, லைவ்ல பாக்குறேன். அப்பா பெட்டியில லைட்டு எரியலையே. கண்ணாடியெல்லாம் வேத்திருக்கு பாரு.”

கூடமே ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தது.

“வோல்டேஜ் கம்மியா இருக்கும்க்கா” என்றான் இளம்பரிதி. வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

ஜூலியட் பாயைத் தூக்கி, பெட்டியின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். அதன் பிளக் அவன் காலடியில் கிடந்தது. அது இருந்த ஓட்டையில் அவன் அடாப்டர்.

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது அவனுக்கு. அவன் செய்த வேலையை அவன் கேமரா வழியாகவே இருதயசாமி பெற்ற பிள்ளையே பார்த்துவிட்டான். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவனே குனிந்து அடாப்டரை எடுத்துவிட்டுப் பிளக்கைச் செருகினான். பெட்டி உறுமியது. கேமரா அணைந்தது. ஃபேன் ஒயரைப் பிடுங்கலாம்தான், ஆனால் மறுபடி அந்த பாக்ஸைத் தொட அவனுக்குக் கை வரவில்லை.

சாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். ஜூலியட் வீடியோ காலைப் போட்டு, போனை அவனிடம் நீட்டினாள்.

“புடிங்க தம்பி. நான் அழணும்.”

பெட்டியைத் திறந்தார்கள். அவன் போனை நீட்டினான்.

“கிட்டக் காட்டுங்க தம்பி” என்றான் ரெஜின். “கை ஆடுது. அப்பா முகம் தெரியல.”

இளம்பரிதி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பார்த்தான். ஆட்டம் நிற்கவில்லை.