ஜரினா பெயரில் ஊதிய மூச்சு

திங்கட்கிழமை. கிழக்கு இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. சங்கரன்கோவிலின் மேற்கு ஓரத்தில், சங்கரசுப்பு முதலாளியின் தறிக்கூடத்தில் எண்பது விசைத்தறிகளும் ஒருசேர ஓடத் தொடங்கின. தரை அதிர்ந்தது, சுவர் அதிர்ந்தது, அங்கே நின்றவர்களின் பல்லும் கூடவே அதிர்ந்தது. மாரிசெல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் நான்கு தறிகளுக்கும் இடையே நடந்தாள்.

இரண்டாம் தறியில் குறுக்கு நூல் சுற்றிய தார் தீர்ந்தது. புதுத் தாரை, தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் செருகி, நாடாவின் ஓரத்துச் சிறு துளையில் வாயை வைத்து, ஒரே இழுப்பாக உறிஞ்சினாள். நூலின் நுனி நாக்கில் வந்து நின்றது. நூலோடு கிளம்பிய பஞ்சுத் தூசி தொண்டைக்குள் இறங்கியது. ஒரு நாளைக்கு இப்படி இருநூறு முறையாவது உறிஞ்ச வேண்டும். ஞாயிறு ஓய்ந்து திங்களன்று வரும்போதுதான் நெஞ்சு மிகவும் இறுகும். செவ்வாய், புதன் என்று நாள் போகப்போகச் சற்றே தளரும். இது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். எவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. தறி ஓடும்போது பேசினால் கேட்காது என்பது ஒரு காரணம். பேசினால் ஓட்டும் தறி கைவிட்டுப் போய்விடும் என்பது மற்றொரு காரணம்.

பக்கத்து நான்கு தறிகள் ஜரினாவுடையவை. இருபத்திரண்டு ஆண்டுகள் அவற்றின் முன் நின்றவள், மூன்று மாதமாக வரவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தபடியே வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வந்த நோய் தறித் தூசியால் வந்தது என்று தீர்ப்பாகிவிட்டால், மருத்துவச் செலவை முதலாளி பார்த்தாக வேண்டும். ஆகாவிட்டால் அவளுக்கு அந்தச் சுவர்தான் கதி. வழக்கு தென்காசியில் தொழிலாளர் அதிகாரியிடம் இருந்தது. முதல் விசாரணை சென்ற வாரம் நடந்தது. அன்று நேர்ந்ததுதான் மாரிசெல்வியின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

முதலாளி தரப்பு வக்கீல் அச்சடித்த ஓர் ஆங்கிலக் கட்டுரையை மேசைமேல் வைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொலைவிலுள்ள ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் லிங்கேஷ் வந்து, இந்தக் கூடத்தின் நாற்பது பேரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆக ஓராண்டில் நான்கு முறை, மூச்சை அளக்கும் ஒரு கருவியில் ஊதச் சொல்லி எழுதிய ஆய்வு அது. முகக்கவசம் அணிந்து தறி ஓட்டியவர்களின் நுரையீரலுக்குப் பஞ்சுத் தூசியால் யாதொரு கேடும் நேரவில்லை என்பது அதன் முடிவு. ஜரினாவின் தாளும் உடன் இருந்தது. நான்கு முறையும் அவள் நன்றாக ஊதியிருக்கிறாள்.

அதிகாரி கனிவான மனிதர்தாம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தறியில இருந்த காலத்துல உங்க மூச்சு நல்லாத்தானேம்மா இருந்திருக்கு. அதுக்குப் பெறகு வந்த நோய்னா, தறியால வந்ததுன்னு நான் எப்படி எழுத?"

விறகடுப்புப் புகையாக இருக்கலாம் என்று வக்கீல் எடுத்துக் கொடுத்தார். ஜரினா மாரிசெல்வியைத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் வாய் திறக்கவில்லை. ஏனெனில் அந்த நான்கு முறையும் ஜரினாவின் பெயரில் ஊதியவள் மாரிசெல்வி.

தறிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்புக்கு முடியவில்லை, அல்லது பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும் என்றால், பக்கத்தில் நிற்பவள் அவளுடைய தறிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். நெய்த துணி, வராதவள் பெயரிலேயே கணக்கில் விழும். அதற்கு நன்றி சொல்வதுகூட இல்லை. நாளை இவளுக்கு அவள் பார்ப்பாள். டாக்டர் கருவியோடு வந்த நாளில், "ஊத முடியாதவங்களுக்கு இங்கன தறி எதுக்கு?" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்னதைச் செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். ஜரினாவின் முறை வந்தபோது மாரிசெல்வி அவள் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு முன்னே போய் உட்கார்ந்தாள். தறியைப் பார்த்துக்கொள்வது போலவே மூச்சையும் பார்த்துக்கொண்டாள். அதில் தவறிருப்பதாக அவளுக்கு அன்று தோன்றவே இல்லை.

தென்காசியிலிருந்து திரும்பும் பேருந்தில் ஜரினா சன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிப் பேசினாள்.

"ஏட்டி மாரி. நீ ஒண்ணும் சொல்லிராத. ஒனக்கும் தறி போயிரும். எனக்குத்தான் எழுதினது எழுதியாச்சு."

"நான் ஊதலன்னா ஒங்க நோய் அன்னைக்கே தாள்ல ஏறியிருக்கும்லாக்கா."

"ஏறியிருந்தா அன்னைக்கே தறியும் போயிருக்கும். ரெண்டு வருசம் கஞ்சி குடிச்சோம்லா. அத நெனைச்சுக்கோ."

மாரிசெல்வியால் அதை நினைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அவள் நேராகத் தறி மேஸ்திரி சுடலைமணியிடம் போய்ச் சொன்னாள். பழுது பார்க்கும் எண்ணெய்க் கையை அவர் கந்தலில் துடைத்தார். பிறகு, பின்னாளில் இறந்துபோன தறிக்காரர் சுயம்புலிங்கத்தின் பெயரில் ஊதியது தாம்தான் என்றார். இருவருமாக ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுப் பார்த்தார்கள். நாற்பது பேரில் பதினேழு பேருக்கு வேறொருவர் ஊதியிருந்தார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. நெஞ்சு கெட்ட பதினேழு பேரும் தாளில் நல்ல நெஞ்சுக்காரர்களாகியிருந்தார்கள்.

டாக்டர் லிங்கேஷ் சனிக்கிழமைதோறும் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார். அங்கே நோயாளிகளின் வரிசையில் டோக்கன் வாங்கி மாரிசெல்வியும் சுடலைமணியும் உள்ளே போனார்கள். இளைஞர், களைத்த முகம். மாரிசெல்வி சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"ஜரினாக்கா பேர்ல நாலு மட்டமும் ஊதினது நாந்தான் டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"உங்க மணிக்கட்டுல அந்தத் தழும்பு இருக்கே. ஒரே கை ரெண்டு பேரோட முறையிலயும் குழாயைப் பிடிச்சுது. முதல் தடவையே பார்த்தேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

கேட்டிருந்தால் பாதிப்பேரை நீக்க வேண்டியிருக்கும் என்றும், நீக்கிவிட்டால் ஆய்வே நின்றுவிடும் என்றும், ஆய்வுக்குப் பணம் கொடுத்த முகக்கவசக் கம்பெனிக்கு அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது என்றும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். பொய் சொல்லும் குரலாக அது இல்லை. சுடலைமணி இடைமறித்தார்.

"அந்தக் கவசத்தப் போட்டுக்கிட்டு நாடாவ எப்படி உறிஞ்ச முடியும் டாக்டர்? எந்நேரமும் அது கழுத்துலதான் கெடந்துச்சு. எந்நேரமும் போட்டிருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்களே."

"மொதலாளி அப்படித்தான் சொன்னார்."

"சோதனையும் தறி ஓடுறதுக்கு முன்னாடியே வச்சீங்க. எட்டு மணிநேரம் தூசி தின்னுட்டு வந்தவன ஊதச் சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்லா."

"தறிய நிறுத்தக் கூடாதுன்னு அவர்தான் நேரம் குறிச்சுக் குடுத்தார்."

"அப்ப ஆராய்ச்சி செஞ்சது அவரா, நீங்களா?"

டாக்டர் மூடிய பேனாவை மேசைமேல் உருட்டினார். கட்டுரையைத் திரும்பப் பெறும்படி அதை வெளியிட்ட இதழுக்கு அவரே எழுதிக் கேட்கலாமே என்றாள் மாரிசெல்வி. அவர் தலையை அசைத்தார்.

"அப்படி எழுதினா என் பேர் போயிரும்மா. இத்தனை வருசப் படிப்பும் போயிரும்."

"அங்கன ஜரினாக்காவுக்கு மூச்சுல்லா போவுது" என்றாள் அவள்.

வெளியே அடுத்த டோக்கனை அழைத்தார்கள். அவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

செய்தி முதலாளியின் காதுக்கு எட்ட நான்கு நாள்கூட ஆகவில்லை. புதன்கிழமை முற்பகல் மின்சாரம் நின்றது. எண்பது தறிகளும் ஓய்ந்தபின் அந்தக் கூடத்தில் இருமல் ஒலிகள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டன. அந்த அமைதிக்குள் சங்கரசுப்பு வந்து நின்றார்.

"ஏட்டி மாரி. ஊதினது நாந்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிதியாமே."

"ஆமா மொதலாளி."

"அப்ப அன்னைக்குப் பொய் சொன்னவ நீ. இன்னைக்கு மெய் சொல்லுதேன்னா எவன் நம்புவான்?"

"ஒருத்தி சொன்னா நம்ப மாட்டாங்க. அதான் எல்லாருமாச் சொல்லலாம்னு இருக்கோம்."

"எல்லாருமாவா?" அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஆள் மாத்தி ஊதினவங்க யாரு யாரு? கை தூக்குங்கலே பாப்போம். பொய்ச் சாட்சிக்குக் கேஸு போடணும்லா, பேரு வேணும்."

ஒரு கைகூட உயரவில்லை. தலைகள் தறிகளின் பக்கம் திரும்பின. அறுந்திராத இழைகளில் சிலர் முடிச்சைத் தேடினார்கள். முதலாளி சிரித்தார்.

"பாத்தியா வே சுடலமணி? ஒன் கூட்டம் இவ்வளவுதான்."

"ஒங்க முன்னால தூக்க மாட்டாங்க மொதலாளி" என்றார் சுடலைமணி. "அன்னைக்கு அந்த டாக்டரோட சம்மதத் தாள்ல ரேகை வச்சதும் ஒங்க முன்னாலதான். விருப்பமில்லன்னா வேண்டாம்னு சொல்லலாம்னு அதுல அச்சடிச்சிருந்துச்சாம். நீங்க மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கையில எவன் வேண்டாம்னு சொல்லுவான்?"

மின்சாரம் வந்தது. தறிகளின் இரைச்சலில் முதலாளி சொன்ன மறுமொழி எவர் காதிலும் விழவில்லை.

கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு, ஒரு வக்கீல் குமாஸ்தாவின் உதவியால் ஆங்கிலத்தில் கடிதம் போயிற்று. புகார் கிடைத்தது, கட்டுரையாளரின் கல்லூரியிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. குழு அமைத்து ஆராய்வோம் என்று கல்லூரி எழுதியது. குழு எப்போது கூடும் என்பதை எவரும் எழுதவில்லை. இதற்கிடையே ஜரினாவை ஆக்சிஜன் உருளையோடு வைத்திருக்க வேண்டியதாயிற்று. மாரிசெல்வி போனால் அவள் பேசுவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடிக்கொள்வாள்.

அடுத்த விசாரணைக்கு முந்திய நாட்களில், தண்ணீர்த் தொட்டியடியில் கைகழுவும் வேளையில், ஒருவர் பின் ஒருவராக மாரிசெல்வியின் பக்கத்தில் வந்து நின்று, முகம் பாராமலேயே, "நானும் வாரேன்" என்றார்கள். தறி ஓட்டும் கோமதித்தாய் வந்தாள். இன்னும் சிலர் வந்தார்கள். மாரிசெல்வி, சுடலைமணி உட்பட, பதினேழு பெயர்களில் பதினோரு பெயருக்கு ஊதியவர்கள் சேர்ந்துவிட்டார்கள். மீதி ஆறு பேருக்கு ஊதியவர்கள் வரவில்லை. மாரிசெல்வி அவர்களைப் பழிக்கவும் இல்லை. அவர்கள் வீட்டு நிலைமை அவளுக்குத் தெரியும்.

தென்காசி அலுவலகத்தில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பதினோரு பேரையும் பார்த்தார்.

"நீங்க சொல்லுறத நான் எழுதிக்கிட்டா, முன்னால செஞ்சது பொய்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். அதுக்கு உங்க மேல நடவடிக்கை வரலாம். வேலையும் போகலாம். தெரிஞ்சுதான் வந்திருக்கீங்களா?"

"யாரும் எங்களுக்கு இப்படி முன்னாடியே எடுத்துச் சொன்னதில்ல சார்" என்றாள் மாரிசெல்வி. "தெரிஞ்சுதான் வந்திருக்கோம். எழுதிக்கோங்க. ஜரினாக்கா பேர்ல ஊதின மூச்சு அவங்களோடது இல்ல."

அடுத்து கோமதித்தாய் சொன்னாள். அதற்கடுத்து சுடலைமணி சொன்னார். பதினொன்றையும் எழுதி முடிக்க இரண்டு மணிநேரம் ஆயிற்று. முதலாளி தரப்பு வக்கீல், இது கூட்டுச் சதி என்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். அதிகாரி இரண்டையும் கோப்பில் சேர்த்தார். இந்த வாக்குமூலம் எவ்வளவு தூரம் எடுபடும் என்று தம்மால் இப்போது சொல்ல முடியாது என்றார். அச்சேறிய கட்டுரை கட்டுரைதான். அது நிற்கும் வரை எதிர்த்தரப்பின் கை ஓங்கித்தான் இருக்கும் என்றார். விசாரணையை இரண்டு மாதம் தள்ளி வைத்தார். ஜரினாவுக்கு இரண்டு மாதம் இருக்குமா என்று எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவர்கள் படியிறங்கும்போதே சுடலைமணியின் கைப்பேசி ஒலித்தது. பதினோரு பேரும் நாளை முதல் வர வேண்டாம் என்று கூடத்திலிருந்து தகவல்.

எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள். கோமதித்தாய்தான் முதலில் கேட்டாள்.

"அப்ப நாளைக்கு எங்கன போக?"

சுடலைமணி கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். மாரிசெல்விக்கு மட்டும் ஒன்று பிடிபட்டது. பொய்யை ஒத்துக்கொண்டாயிற்று. மெய் எது என்று காட்டும் தாள் இன்னும் ஒருவர் கையிலும் இல்லை.

"பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். அவங்கவங்க பேர்ல அவங்கவங்க ஊதுவோம்" என்றாள்.

மறுநாள் அரசு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில், பதினோரு பேருக்குப் பதிலாகப் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். வேலைக்குப் போக வேண்டிய மூவர் போகாமல் வந்திருந்தார்கள். அவர்கள் எவர் பெயருக்கும் ஊதியவர்கள் அல்லர். அவர்களுக்குப் பதிலாகத்தான் பிறர் ஊதியிருந்தார்கள்.  வரிசை சற்று நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டது.

மருத்துவர் விஜிதா ஒவ்வொருவரிடமும், இது எதற்காக, எப்படி ஊத வேண்டும், முடிவு எப்படி வந்தாலும் தாளின் நகல் அவர்கள் கைக்கே வரும் என்று சொல்லிய பிறகே குழாயைக் கொடுத்தார். முதலில் உட்கார்ந்தவள் மாரிசெல்வி. இழுத்த மூச்சை முழு வலிமையோடு ஊதினாள். பாதியில் இருமல் வந்து அறுத்தது. இரண்டாம் முறையும் அறுந்தது. மூன்றாம் முறை கண்ணில் நீர் வரும்வரை ஊதினாள்.

மருத்துவர் திரையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உங்களுக்கும் குறைஞ்சிருக்கும்மா. நல்லாவே குறைஞ்சிருக்கு."

இரண்டு பேருக்காக ஊதிய நெஞ்சு. மாரிசெல்வி குழாயைத் திருப்பிக் கொடுத்தாள். பின்னால் நின்ற கோமதித்தாய் அவள் முதுகில் கை வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"அத அப்படியே எழுதித் தாங்க டாக்டர்" என்றாள் மாரிசெல்வி. "எம் பேர்ல."

தாள் வந்தது. அவள் அதை மடிக்காமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கோமதித்தாய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே தன் பெயரைச் சொன்னாள்.