வண்டிச் சாவி இல்லாத பயிற்சியாளர்

ராய்ஸ் குண்டர்சன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கல்லூரி உணவகத்தில் தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரமாய் நடந்துகொண்டே விழுங்குவார். எங்கள் பெண்கள் கோல்ஃப் அணிக்கு அவர் பயிற்சியாளர். நான் அவருக்கு உதவி. தெற்கு டகோட்டாவில் சில வருடம் ஏப்ரல் வரைக்கும் மைதானத்தில் பனி கிடக்கும். அதுவரை பழைய கூடைப்பந்து அரங்கில் வலை கட்டி, அதற்குள் பந்தை அடித்துப் பழகுவோம். வலைக்குப் பின்னால் அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டே இருப்பார். புதிதாய்ச் சேர்ந்த பெண்களுக்குத் தலை சுற்றும்.

அயோவா, கான்சாஸ், மொன்டானா என்று பல ஊர்க் கல்லூரிகளில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். எங்கும் ஒரே கதைதான். யாரும் சீண்டாத அணியைக் கையில் எடுப்பார். கோப்பை வாங்கும் நிலைக்கு அதைக் கொண்டுவருவார். பெயர் கிடைக்கத் தொடங்கியதும் அவருக்குக் கால் அரிக்கும். மனைவி கொலீன் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பல் மருத்துவரிடம் வேலை தேடிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் தக்காளி நட்டு, அது பழுப்பதற்குள் மூட்டை கட்டுவார்.

அந்த வசந்தத்தில் அரிசோனாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். வேனில் போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"அங்க ஜனவரியில அரைக்கை சட்டையோட ஆடலாம், மாரிட்."

கொலீனிடம் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

அந்த வாரம் நெப்ராஸ்காவில் எங்கள் வட்டாரக் கல்லூரிகளின் இறுதிப் போட்டி. எங்கள் கல்லூரி அதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. கடைசி நாள் மதியம் எங்கள் அணிதான் முன்னால் இருந்தது. முக்கியக் காரணம் டெஸ் பிரான்ட்வோல்ட். மாட்டுப் பண்ணையில் வளர்ந்த பெண். அதிகம் பேச மாட்டாள், படிப்பு முடிகிற வருடம். அன்று காற்று ஆளைத் தள்ளியது. ராய்ஸ் பேட்டரி வண்டியை எடுத்துக்கொண்டு ஒருத்தியிடம் பாதி பேச்சில் இருக்கும்போதே அடுத்தவளிடம் ஓடினார். பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அது அரிசோனா என்று எனக்குத் தெரியும்.

பதினெட்டில் பதினேழாவது குழிக்கு டெஸ் வந்தபோது நான் அவளோடு இருந்தேன். குறைந்த தூரம்தான், நடுவில் ஒரு குளம். அவள் மட்டையை உருவி நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்து வண்டி வந்தது.

"காத்து எதிர்ல அடிக்குது. இதைவிடப் பெருசா எடு."

அவள் மட்டையை மாற்றினாள். ராய்ஸ் போனை எடுத்துப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்தார்.

"இல்ல, மொதல்ல எடுத்ததே சரி."

மறுபடி மாற்றி அடித்தாள். பந்து குளத்தில் விழுந்தது.

டெஸ் கத்தவில்லை. மட்டையைப் பையில் செருகிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கோச், நீங்க பக்கத்துல வந்தாலே என் கை தானா அவசரப்படுது. கொஞ்சம் போயிடுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார்.

"கோபத்துல சொல்லல. நெஜமாவே போயிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்காக நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அவளோடு நடக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வண்டியை அப்படியே விட்டுவிட்டு வேலியோரமாக நடந்து போனார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பை கைவிட்டுப் போயிற்று. ஊர் திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். டெஸ் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள்.

மறுவாரம் அவர் கொலீனிடம் விஷயத்தைச் சொன்னபோது கொலீன் தோட்டத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாராம். நிமிரக்கூட இல்லையாம்.

"நீ போ ராய்ஸ். எனக்கு இந்தத் தடவை தக்காளியைத் தின்னு பார்க்கணும்."

அவர் போனார். அவர் இடத்துக்கு என்னை உயர்த்தினார்கள். நான் அணியைப் பெரிதாக எதுவும் மாற்றவில்லை; வலைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு போட்டு அதில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அரிசோனாவில் அவருக்கு எல்லாம் இருந்தது. வருடம் முழுக்க வெயில், சொந்த மைதானம், பறந்து போக விமானம். ஆனால் அங்கே பெண்கள் மேலிடத்தில் போய் முறையிட்டார்கள். இவர் இருந்தால் கவனம் நிற்பதில்லை என்பதுதான் புகார். இரண்டாவது வருடம் முடியுமுன்பே அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஜனவரிக் காலையில் மெல்லிய மேல்கோட்டோடு அரங்கத்து வாசலில் வந்து நின்றார். உதடு வெளுத்திருந்தது. ஹார்டுவேர் கடை மாடியில் அறை எடுத்திருப்பதாகவும், கொலீன் இன்னும் வீட்டுக்குள் கூப்பிடவில்லை என்றும் சொன்னார்.

"உனக்குக் கீழ வேலை பார்க்கறேன், மாரிட்."

உடனே சரி என்று எனக்குச் சொல்ல வரவில்லை. இந்த விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான். ஆனாலும் அணி இப்போதுதான் நிதானத்துக்கு வந்திருந்தது; அவரைச் சேர்க்கப் பயமாக இருந்தது. இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் டெஸ்ஸைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். அப்பாவின் பண்ணையில் இருந்தாள். பின்னால் மாடுகள் கத்தின.

"சேர்த்துக்கோங்க," என்றாள். "ஆனா ஒரே எடத்துல நிக்க வைங்க. வண்டிச் சாவிய மட்டும் குடுத்துடாதீங்க."

அதை அப்படியே ராய்ஸிடம் சொன்னேன். முகம் சிவந்தது. யார் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். அவள் நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் விசாரித்தார்.

ஏப்ரலில் எங்கள் மைதானத்தில் நடந்த போட்டியில் அவரை ஆறாவது குழியில் நிறுத்தினேன். கேட்டால் ஒழியப் பேசக்கூடாது என்பது ஏற்பாடு. பனியும் மழையும் கலந்து சாய்வாய் அடித்தது. நான் அந்தப் பக்கம் போன போதெல்லாம் ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். மரத்தடியில் புல் சேறாகி வட்டமாய்த் தடம் விழுந்திருந்தது. முதல் வருடப் பெண் ஒருத்தி எந்த மட்டையை எடுப்பது என்று அவரிடம் கேட்டாள். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கைகளைப் பாக்கெட்டில் திணித்தார்.

"நீ எதை நெனச்ச?"

அவள் சொன்னாள்.

"அதையே அடி."

பந்து மணல் பள்ளத்தில் போய் விழுந்தது. அவர் அவள் பின்னால் ஓடவில்லை. அங்கேயே நின்றார். அடுத்த பெண் வந்தாள்.

மதியம் கொலீன் பிளாஸ்கில் காபியும் ஒரு மடக்கு நாற்காலியும் கொண்டுவந்தார். ராய்ஸ் உட்கார்ந்தார், ஒரு வாய் குடித்தார், எழுந்துவிட்டார்.

"அந்தக் கப்பு தீர்ற வரைக்குமாவது உட்காரேன்," என்றார் கொலீன்.

மறுபடி உட்கார்ந்து முழுவதும் குடித்தார். முழங்கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அன்று நாங்கள் நான்காவதாக வந்தோம்.

ஜூனில் மாடி அறையைக் காலி செய்துவிட்டு கொலீன் வீட்டுக்கே குடிபோய்விட்டார். அடுத்த பருவத்துக்குப் பயிற்சியாளர்களின் பெயர்களை அனுப்ப வேண்டியிருந்ததால், இருப்பாரா என்று கேட்டேன். இருக்கிறேன் என்றார்.

"அதுக்கப்புறம்?"

"அதை அப்புறம் கேளு," என்றவர், நான் எழுதி முடிப்பதற்குள் கதவருகே போயிருந்தார்.