பச்சையில் விழுந்த எழுபத்திரண்டு சென்ட்

“நிலம் பச்சையில விழுந்திருக்கே, சாரே!”

கிருபாநிதி சொன்னதும் வரவேற்பறையில் முறுக்கு கடிபடும் சத்தம் நின்றது. சாத்தான்குளத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர் அவர். மகன் பெர்சிக்கு நாசரேத்தில் பெண் பேசி, நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்திருந்தார். ஆனால் மேசையில் அவர் விரித்தது நாள்காட்டியை அல்ல. தூத்துக்குடியின் புதிய நில உபயோகத் திட்ட வரைபடத்தை.

பெண்ணின் தகப்பனார் ஞானதீபம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மஞ்சள் என்றால் வீடு, பச்சை என்றால் விவசாயம். தூத்துக்குடிப் புறவழிச்சாலைக்கு அப்பால் அவர் மகள் பெயரைச் சொல்லி வாங்கிப் போட்டிருந்த எழுபத்திரண்டு சென்ட், மஞ்சளுக்கு ஒரு நூல் தள்ளிப் பச்சைக்குள் கிடந்தது. அங்கே முள் நிறைந்த உடைமரத்தைத் தவிர எதுவும் முளைத்ததில்லை என்பது, கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டியவருக்கு எப்படித் தெரியும்?

“வரதட்சணைன்னு நாங்க வாய் தொறந்து ஒண்ணும் கேக்கல. ஒங்க பிள்ளைக்கு நீங்க போடுதிய. ஆனா பச்சையில பிளாட் போட முடியுமா? மஞ்சளா மாத்தித் தந்தியன்னா நாளைக்கே நிச்சயம்.”

“நான் எப்படி மாத்த? அரசாங்கம்லா வரையுது!”

“இது வரைவுதான சாரே. ஆட்சேபணை சொல்ல அறுபது நாள் இருக்கு. மனு போடணும். நிலத்த வந்து பாப்பாங்க, கூட்டத்துல வச்சு வாசிப்பாங்க, அப்புறம் கமிட்டி முடிவு சொல்லும். எல்லாம் விசாரிச்சிட்டுத்தான் வாரேன்.”

பெண்ணைப் பற்றி அவர் இவ்வளவு விசாரித்ததில்லை.

அந்தப் பெண், ஜெபிஷா, மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்: “ஒங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?”

பெர்சி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். “அப்பா சொன்னா சரிதான்.”

மனு எழுதும் வேலை ஜெபிஷாவிடமே வந்தது. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் படிவம் நிரப்புவதுதான் அவளுக்கு வேலை. பெட்டிக்குள் இருப்பதை உள்ளபடி எழுதாவிட்டால் பெட்டி கப்பல் ஏறாது என்று ஆறு வருஷமாகப் படித்தவள். ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டாள். மகளின் மணியான கையெழுத்தைப் பார்த்துப் பூரித்த ஞானதீபம், வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவனிடமும் அவர் அப்படி ஏமாந்ததில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அப்பாவும் மகளும் போக, கிருபாநிதியும் வந்து, பின்வரிசையில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். திட்ட அலுவலர் ஒவ்வொரு மனுவாக வாசித்தார். முதலில் எழுந்தவள் கடற்கரைத் தெருச் செல்லக்கனி.

“எங்க அடுக்களை வழியா ரோடு போவுதுன்னு வரைஞ்சிருக்கிய சார். லாரி வார நேரத்தச் சொல்லுங்க, அடுப்ப அணைச்சு வைக்கேன்.”

கூட்டம் சிரித்தது. அலுவலர் ‘நேரில் ஆய்வு’ என்று குறித்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார்.

“மனுதாரர் ஞானதீபம். தற்போதைய உபயோகம்: உடைமரம். கோரும் மண்டலம்: குடியிருப்பு. உத்தேச உபயோகம்...” அவர் குரல் தடுமாறியது. “மகள் ஜெபிஷாவுக்கு மாப்பிள்ளை வாங்க. காரணம்: மாப்பிள்ளை வீட்டார் மஞ்சள் கேட்கிறார்கள்.”

கூட்டம் ஞானதீபத்தைத் திரும்பிப் பார்த்தது.

“பொய்! நாங்க எங்க கேட்டோம்?” பின்வரிசையிலிருந்து கிருபாநிதி துள்ளி எழுந்தார்.

“நீங்க யாரு?” என்றார் அலுவலர்.

யாரென்று சொன்னால் கேட்டதாக ஆகிவிடும். கிருபாநிதி சுற்றிலும் பார்த்தார். “சும்மா... கூட்டம் பாக்க வந்தேன்.”

அலுவலர் ஞானதீபத்திடம் தாளை நீட்டினார். “இது உங்க கையெழுத்தா?”

ஞானதீபத்தின் காது சிவந்திருந்தது. மகளிடம் குனிந்து, “ஏளா, என்ன காரியம் பண்ணிட்ட?” என்றார்.

“பொய்யா ஏதாவது எழுதிருக்கேனாப்பா? சொல்லுங்க, அடிச்சிருதேன்.”

அவர் தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். விடைத்தாள் திருத்துகிறவரைப் போல மறுபடியும் வாசித்தார். அடிக்க ஒரு வரி அகப்படவில்லை.

“கையெழுத்து என்னதுதான் சார். எழுதிருக்கதும் நெசம்தான்.”

“வாபஸ் வாங்கிக்கிறீங்களா?”

“வேண்டாம். இப்படியே பதிவு பண்ணுங்க. பதிலையும் எழுத்துல குடுங்க.”

அன்று சாயங்காலமே சாத்தான்குளத்திலிருந்து போன் வந்தது. ஜெபித்துப் பார்த்தார்களாம்; ஆண்டவருக்குச் சித்தமில்லையாம். ஆண்டவருக்கும் மஞ்சள்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

நான்கு மாதம் கழித்து முத்திரையோடு பதில் வந்தது: ‘மனுதாரர் கோரும் உபயோகம் விதிகளில் எந்த மண்டலத்திலும் அனுமதிக்கப்படவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.’

வரதட்சணையைத் தடுக்கவென்றே ஒரு சட்டம் வந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. ஞானதீபம் வீட்டுத் தெருவில் ஒரு கல்யாண வீட்டையும் அது எட்டிப் பார்த்ததில்லை. நிலத்துக்கு வண்ணம் பூசுகிற அலுவலகம்தான் முதன்முதலாக, கூடாது என்று முத்திரை குத்திச் சொன்னது.

“இதப் பத்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கப்பா. பொண்ணு பாக்க வாரவங்க வாசிச்சிட்டு உள்ள வரட்டும்,” என்றாள் ஜெபிஷா.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போன ஞானதீபம், தெருவில் பெண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டுத் திரும்பினார்.

“ஏளா, பத்து போதுமா?”