சேசுவின் புதுத் தலை

விட்டால் தலை மேலே எழும்புகிறது, இழுத்தால் ஆட்டுக்கடா முட்டுவதுபோல் டொக்கென்று விழுந்து இரண்டுதரம் ஆடுகிறது... எங்கே பிழை? இதே கயிறுதான், இதே திரைக்குப் பின்னால் நின்று பதினொரு வருஷம் யாகப்பு இழுத்திருக்கிறான், ஒரு பெரிய வெள்ளிகூடப் பிழைத்ததில்லை. குருசில் தொங்கும் சுரூபத்தின் கழுத்துக்குள் ஓர் இரும்பு அச்சு, தலையை நிமிர்த்தி வைக்கப் பிடரியில் வில்போல் வளைந்த பனஞ்சிலாகை, தாடையிலிருந்து நெஞ்சுக்குள்ளால் இறங்கி முதுகுத் துளையால் வெளிவரும் கயிறு. பிரசங்கத்தில் சேசு உயிர்விடும் கட்டத்தில் இழுத்தால் குனியும், அவ்வளவுதான். ஆனால் பழைய தலை முள்முருக்கு, பஞ்சுபோல. கறையான் தின்றதால் இந்த வருஷம் செய்த புதுத் தலை பலா, பாரம். பழைய சிலாகை அதைத் தாங்காது, பிரசங்கம் தொடங்குமுன்பே சேசு செத்துவிடுவார். தடித்த சிலாகை வைத்தால் அதை வெல்லச் சுண்டி இழுக்கவேண்டும், சுண்டினால் துள்ளும். காலையில் ஒத்திகை பார்த்த பெண்கள், "என்னடி, செத்த சேசு ஓமெண்டு தலையாட்டுறார்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். மூன்று மணிக்கு ஊரே வந்துவிடும்.

சிரிக்கட்டுமே, எனக்கென்ன, கயிறு இனி என்னுடையதல்ல, கனிசியஸுடையது... மனைவி செபஸ்தியம்மாவின் தம்பி, ஒரே வள்ளத்தில் பன்னிரண்டு வருஷம், அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? மாசியில் மகள் லூர்த்தம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல், பதினெட்டாம் நாள் தாயையே அடையாளம் தெரியவில்லை, அன்று விடிய யாகப்பு பஸ் ஏறி நீர்வேலி, புத்தூர் எல்லாம் தாண்டிச் சந்நிதி முருகனுக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தான், வேதக்காரன், சேசுவின் ஆள் என்று முகத்தில் எழுதியா இருக்கிறது? பிள்ளை எழும்பிக் கஞ்சி கேட்டபோது சந்தோஷத்தை வைத்திருக்க முடியாமல் வள்ளத்தில் வைத்து அவனிடம் மட்டும் சொன்னான், ஒருத்தருக்கும் சொல்லாதை என்றும் சொன்னான். எட்டாம் நாள் பிரெஞ்சுச் சுவாமியார் கூப்பிட்டு, எழுத்துத் தமிழில், "ஆண்டவர் சிந்திய இரத்தம் உன் மகளுக்குப் போதவில்லையா?" என்றார். போதாது என்று அவன் எப்போது சொன்னான்? அங்கேயும் ஒருதரம் கேட்டான்... அதுதான் போதாது என்பதோ? இந்தப் பாஸ்காவுக்குப் பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கூடாது, கயிறும் பிடிக்கக் கூடாது, இன்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டதுகூடத் தலையைத் திருத்திவிட்டு வெளியே போகத்தான்.

"அத்தான், சரிவந்திட்டுதோ?" திரையை விலக்கிக் கனிசியஸ்.

"சுவாமியாரைப் போய்க் கேள். எல்லாம் அவருக்குத்தானே சொல்லுவாய்."

"நீங்கள் நரகத்துக்குப் போகக் கூடாதெண்டுதான் அத்தான் சொன்னனான்."

"நான் போறதுக்குள்ளை கயிறு உன்ரை கையுக்கு வந்திட்டுது, என்ன?"

அவன் போகவில்லை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான். ஆத்துமத்துக்காகச் சொன்னானோ, கயிற்றுக்காகச் சொன்னானோ, அவனுக்கே தெரியுமோ... சேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தவனும் இப்படித்தான் ஏதாவது நினைத்திருப்பானோ? இதைத் திருத்தாமல் போனால் மூன்று மணிக்கு அத்தனை சனத்துக்கும் முன்னால் கனிசியஸ் அவமானப்படுவான், நினைக்க இனிக்கிறது, ஆனால் சிரிப்பு யார் மேல் விழும்? தொங்குகிறவர் மேல். போன கிழமை சுவாமியார் சொன்னார், நமக்கெல்லாம் செத்த பிறகுதான் தலை விழுகிறது, சேசுவோ தலையைச் சாய்த்தபின்தான் உயிரைக் கொடுத்தார், ஒருவரும் பறிக்கவில்லை என்று. யாருக்காகக் கொடுத்தார்? காட்டிக்கொடுத்தவனுக்குமா? கற்பூரம் கொளுத்தியவனுக்குமா? இவனையும் என்னையும் ஒரே குருசின் கீழ் நிறுத்துவது அநியாயமில்லையா... ஒருவரும் பறிக்கவில்லை. பறிக்கவில்லை என்றால், நான் ஏன் இழுக்கிறேன்? பலா மரத் தலை, தானாகவே விழத்தானே பார்க்கிறது, நான் ஏன் சிலாகையை வைத்து மறித்துவிட்டு அந்தச் சிலாகையோடே சண்டை பிடிக்கிறேன்?

சிலாகையைக் கழற்றி எறிந்தான். கயிற்றைத் தாடையிலிருந்து அவிழ்த்து, முள்முடிக்குக் கீழே பிடரியில் கட்டி, குருசில் துளையிட்டுப் பின்னால் எடுத்தான். இழுத்துப் பிடிக்கத் தலை நிமிர்ந்து நின்றது. மெல்ல மெல்லத் தளர்த்த, நித்திரை வந்த பிள்ளையின் தலைபோல் நெஞ்சில் சாய்ந்து, ஆடாமல் கிடந்தது. ஆத்திரம் மட்டும் போன பாடில்லை, அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

"இஞ்சை வா," என்று கயிற்றைக் கனிசியஸின் கையில் வைத்தான். "இழுக்காதை. துவக்கத்திலிருந்தே பிடிச்சுக்கொண்டு நில், பிரசங்கம் முடியுமட்டும் கை நோகும், நோகட்டும். நேரம் வர, கொஞ்சங் கொஞ்சமாத் தளர்த்து. தலை தன்ரை பாரத்திலை தானாச் சாயும்."