ஜஹீதாவின் ஐந்நூறு ஜிபி

1

இது நான் கற்பனை செய்த கதை இல்லை. காட்பாடி ஸ்டேஷனில் ரயில் தாமதமான ஒரு பகலில், பக்கத்து இருக்கையில் இருந்த பெண் சொன்னது. என் மடியில் கிடந்த அச்சுத்தாள்களைப் பார்த்து, "கதை எழுதுவீங்களா?" என்று ஆரம்பித்தார். எல்லாம் சொன்ன பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: "எழுதுனா, நான் பொய் சொன்னத விட்டுடாதீங்க."

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'ஹெப்சி தெரியாமல்தான் அந்தப் பொய்யை'

அந்த வரி அங்கேயே நிற்கட்டும். அவர் தெரிந்தேதான் சொன்னார்.

2

2009இல் ஹெப்சி ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தாள். (நேரில் 'அவர்'; கதைக்குள் வந்ததும் 'அவள்'. எழுதுகிறவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமை.) பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள்.

கம்பெனியின் சர்வரில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஷிப்பிங்குக்கு முந்நூறு ஜிபி, டிசைனுக்கு ஐந்நூறு. அதில் பாதிக்கு மேல் காலி. ஆனால் ஒருவரின் காலி இடத்தை இன்னொருவர் தொட முடியாது. குவாலிட்டி பிரிவு இடமில்லாமல் தவித்தது.

மேனேஜர் சம்பத், 'தின் ப்ரொவிஷனிங்' என்ற முறைக்கு மாறலாம் என்றார். எல்லா இடத்தையும் ஒரே பொதுவில் சேர்த்துவிடுவது. திரையில் டிசைனுக்கு அதே ஐந்நூறு தெரியும். எவ்வளவு எழுதுகிறார்களோ அவ்வளவு மட்டும் பொதுவிலிருந்து போகும். முறையில் குற்றமில்லை; ஆனால் பொது இடம் தீராமல் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தீர்ந்துபோனால், திரை எத்தனை காலி காட்டினாலும் யாருக்கும் சேவ் ஆகாது.

"யார்கிட்டயும் விளக்கிட்டு இருக்காதீங்க ஹெப்சி. ஆளுக்கொரு கேள்வி கேப்பாங்க. பேஜாரு" என்றார் சம்பத்.

3

டிசைன் பிரிவின் பொறுப்பு ஜஹீதாவிடம். இரண்டு வருடம் முன்பு ஒருநாள், சர்வர் நிரம்பிப்போய் அவள் வரைந்த முப்பதுக்கும் மேற்பட்ட குளிர்கால ஷூ வகைகள் பாதி மட்டும் சேவ் ஆகி அழிந்தன. ஒன்பது நாளில் எல்லாவற்றையும் மறுபடி வரைந்தாள். அதே வாரத்தில் வாணியம்பாடியில் நடந்த தங்கையின் நிக்காஹுக்கு ஒரு மணி நேரம் மட்டும் போய்விட்டு வந்தாள். அதற்குப் பிறகு சண்டை போட்டு வாங்கியதுதான் அந்த ஐந்நூறு.

மாற்றுவதற்கு முந்தைய சனிக்கிழமை ஹெப்சியின் மேஜைக்கு வந்தாள்.

"இன்னா ஹெப்சி, நாளைக்கு இன்னமோ மாத்தறீங்களாம். என் எடத்துல கை வைக்கிறீங்களா?"

"இல்லக்கா. உங்க ஐந்நூறு உங்களுக்குத்தான். அப்டியே இருக்கும்."

"நீ சொன்னா சரி" என்று ஜஹீதா போய்விட்டாள்.

(இந்த இடத்தில் ஹெப்சியின் மனசாட்சி உறுத்தியதாக ஒரு பத்தி எழுதி, எடுத்துவிட்டேன். அன்றைக்கு உறுத்தவே இல்லை என்று அவரே சொன்னார்.)

ஞாயிறு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பிரிவாகப் புது இடத்துக்கு நகலெடுத்து, பழையதில் எத்தனை கோப்பு, புதியதில் எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்த்தாள். டிசைன் கடைசி. நான்கு மணிக்கு முடிந்தது. திங்களன்று யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

4

குவாலிட்டிக்காரர்கள் திடீரென்று கிடைத்த இடத்தைப் பார்த்து, பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு ஜோடியையும் போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். பொது இடத்தைக் கூட்ட வரவேண்டிய புது டிஸ்க்குகள் வரவில்லை. ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பொது இடம் தொண்ணூற்றாறு சதவீதம் நிறைந்திருந்தது. மறுநாள் ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்கும் பையர் வருகிறார். டிசைனில் நாற்பத்திரண்டு மாடல்கள் முடிவாகிக்கொண்டிருந்தன.

சம்பத் சென்னையில். போனில், "வியாழக்கெழம டிஸ்க் வந்துரும். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றார்.

ஒரு பிரதியில், ஹெப்சி தனியாக உட்கார்ந்து எதையெதையோ அழித்து யாருக்கும் தெரியாமல் கம்பெனியைக் காப்பாற்றிவி

போதும். அவள் செய்தது இதுதான்: குவாலிட்டிக்குப் போன் போட்டு போட்டோவை நிறுத்தச் சொன்னாள். அதற்குள் தொண்ணூற்றேழு. எழுந்து டிசைனுக்கு நடந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது பொய். உங்களுக்கு ஐந்நூறு காட்டுது. பின்னால அவ்ளோ இல்ல. எல்லாருக்கும் சேத்தே ரொம்பக் கம்மியா இருக்கு."

ஜஹீதா மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எவ்ளோ நாளா?"

"ஆறு வாரமா."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா."

ஜஹீதா திரும்பி, "எல்லாரும் சர்வர்ல போடாதீங்க, உங்க மெஷின்லயே போட்டுக்குங்க" என்று தன் ஆட்களிடம் சொன்னாள். குரல் உயரவில்லை. ஹெப்சி இரண்டு வெளி டிஸ்க்குகளைக் கொண்டுவந்து மேஜை மேஜையாகப் போய் நகலெடுத்தாள். ஒரு டிசைனும் போகவில்லை. பையர் வந்தார், பார்த்தார். வியாழனன்று டிஸ்க்குகள் வந்தன. சம்பத் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை ஹெப்சி தாங்கிக்கொண்டாள்.

ஜஹீதா திட்டவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எதையும் நேரில் வந்து கேட்கவில்லை. எல்லாம் ஈமெயில். மேலே 'டியர் மேடம்' என்றிருக்கும்.

5

ஒரு முடிவில், ரம்ஜானுக்கு ஜஹீதா பிரியாணி கொண்டுவந்து கொடுத்தாள். ஆம்பூர் என்றதும் என் கை தானாக அங்கே போயிருக்கிறது. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் ஹெப்சி வேலையை விட்டாள். உண்மையில் மேலும் நான்கு வருடம் அங்கேதான் இருந்தார்.

நடந்தது வேறு. டிஸ்க்குகள் வந்த மறு ஞாயிறு ஹெப்சி தனியாகப் போய், டிசைனின் இடத்தை மட்டும் பொதுவிலிருந்து பிரித்து, முழு ஐந்நூறையும் நிஜமாகவே தனியே ஒதுக்கிவிட்டார். சம்பத்திடம் சொல்லவில்லை. திரையில் ஒரு மாற்றமும் தெரியாது.

"ஜஹீதாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"என் வாயால சொன்னா நம்புவாங்களா?" என்றார். பிறகு, "நீங்க எழுதுங்க. அவங்க வாரப் பத்திரிகையெல்லாம் படிப்பாங்க."

ரயில் வருவதாக அறிவித்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவர், "வேணாங்க. அந்த எடத்த தனியா ஒதுக்குனத மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு நடந்தார்.

எந்த ஹெப்சியின் பேச்சைக் கேட்பது என்று பல நாள் யோசித்தேன். முடிவு தெரியாமலே எழுதிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இருந்தாலும், அந்த வருடங்களில் ஆம்பூரில் செருப்பு வரைந்த ஒரு பெண்ணை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் உங்கள் தெருவில்கூட இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுப்பீர்களா, மடித்து வைத்துவிடுவீர்களா என்பதை நான் எழுதப்போவதில்லை.