கை பதிந்த களிமண்

பக்கத்துத் தோட்டத்துக் கோச்சாவின் ஒயினைப் பற்றி என் அண்ணன் ரேவாஸுக்கு ஒரே அபிப்பிராயம்தான். "என் வீட்டுல எழவு விழுந்தாத்தான் இவன் ஒயினு இந்த வாசப்படி ஏறும்." கோச்சாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வான். கோச்சாவும் வெட்கமில்லாமல் சிரித்துவிட்டு, அண்ணன் ஒயினுக்காக இன்னொரு முறை கோப்பையை நீட்டுவான்.

அண்ணனிடம் திட்டு வாங்காதவர்கள் எங்கள் காகேத்தி வட்டாரத்தில் குறைவு. அவன் திட்டினால் சந்தோஷப்படுகிறவர்கள்தான் அதிகம், நான் உள்பட. அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு, ஒயின் வாங்க ஜப்பான்காரனைக்கூட எங்கள் வாசலுக்கு வரவழைத்தவன் அவன். நான் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். அண்ணி எத்தேரி வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். அவர்கள் மகன் ஷால்வா லாரி ஓட்டினான். ஒயினில் மட்டும் அண்ணன் யாரையும் கை வைக்க விட்டதில்லை. அந்தப் பிடிவாதத்துக்காக அவனை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

எங்கள் ஊர் ஒயின் மண்ணில் புதைத்த தாழிக்குள் கிடக்கும். ஆள் இறங்கிக் கழுவலாம், அவ்வளவு பெரிய தாழி. கல்லை வைத்து மூடி, மேலே களிமண் பூசி, அது காயாமல் அடிக்கடி நனைத்து மெழுக வேண்டும். காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பு வழியாகக் காற்று இறங்கினால் உள்ளே இருப்பது புளித்துக் காடியாகிவிடும். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அண்ணன் ஒவ்வொரு முறை மெழுகி முடித்ததும் தன் வலது உள்ளங்கையைக் களிமண்ணில் அழுத்தி எடுப்பான். திராட்சை பிழியும் எந்திரம் அவன் சுண்டுவிரலில் பாதியைத் தின்றிருந்தது. அந்தக் குட்டை விரலைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடலாம்.

போன வருஷம் ஆலங்கட்டி மழை தோட்டத்தைச் சூறையாடியது. மிஞ்சிய திராட்சை ஒரே ஒரு தாழிக்குத்தான் வந்தது. ஆனால் அந்த ஒயினை டிசம்பரில் ருசி பார்த்துவிட்டு அண்ணன் இன்னொரு குவளை மொண்டான். "மரோ, என் ஆயுசுல செஞ்சதுல இதுதான்டி ஒயினு" என்றான். அவன் எதையும் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பிப்ரவரியில் கொடிகளைக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தவன் கத்தரிக்கோலோடு சாய்ந்தான்.

நாற்பதாம் நாள் அந்தத் தாழியைத் திறப்பது, முதல் குவளையை அவன் சமாதியில் ஊற்றுவது, மிச்சத்தை ஊருக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஊர் முழுக்க அதற்காகக் காத்திருந்தது. துக்கத்தில் ஷால்வா தாடி வளர்த்தான். அண்ணி தாழிக்கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தினமும் தனியாக உள்ளே போய் உட்கார்ந்திருப்பாள். "மண்ணு நனைக்கணுமே அண்ணி" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்குத் தெரியாதா மரோ?" என்றாள். எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் திரும்பி வந்துவிட்டேன்.

நாற்பதாம் நாள் காலையில் கல்லைத் தூக்க ஷால்வாவும் கோச்சாவும் வந்தார்கள். அண்ணி கதவைத் திறந்தாள்.

களிமண் பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரிப் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில், கொஞ்சமும் கலையாமல், அண்ணனின் உள்ளங்கை. பாதிச் சுண்டுவிரல்.

"அம்மா!" ஷால்வா குனிந்து வெடிப்பைத் தொட்டான். "ஏம்மா தண்ணி தெளிக்கல?"

"தெளிச்சா மெழுகணும்டா. மெழுகினா அப்பா கை போயிடும்ல?"

"தினமும் உள்ளதானே உக்காந்திருந்தீங்க!" என்று நான் கத்தினேன்.

"அந்தக் கைக்குள்ள என் கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், மரோ. நாளைக்கு நனைக்கலாம், நாளைக்கு நனைக்கலாம்னு..."

அவளை அறையக் கையை ஓங்கிவிட்டேன். கோச்சா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கையையாவது முழுசாக எடுத்துத் தரச் சொன்னாள் அண்ணி. கோச்சா ரொட்டிப் பலகையை அடியில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினான். காய்ந்த மண் எங்கே நிற்கும்? முதலில் கட்டைவிரல் உதிர்ந்தது. பிறகு பலகையில் இருந்தது வெறும் புழுதி. அண்ணி அதை மடியில் அள்ளிக்கொண்டாள். கல்லை நகர்த்தினார்கள். நெடி மூக்கில் ஏறியது. சுரைக்குடுக்கையை விட்டு ஷால்வா கொஞ்சம் மொண்டு குடித்தான். துப்பாமல் விழுங்கினான்.

"காடி" என்றான். தன் அப்பா அந்த ஒயினில் என்ன செய்திருந்தார் என்பது அவனுக்கு இனி எப்படித் தெரியும்? யாரிடம் கேட்பான்?

வெளியே பந்தலில் ஜனம் நிறைந்துவிட்டது. பீன்ஸ் வெந்துவிட்டது, வால்நட் அரைத்துப் போட்ட கீரை தயார். ஒயின் மட்டும் இல்லை; பழைய புட்டிகளெல்லாம் எப்போதோ விற்றுத் தீர்ந்திருந்தன. கோச்சாவைக் காணோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு கைகளிலும் தன் ஒயின் கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்தவன் வாசப்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். கண்ணில் தண்ணீர்.

"அண்ணி, உள்ள வரட்டுமா? அண்ணன் சொன்னது..."

"அதான் எழவு விழுந்தாச்சே" என்றாள் அண்ணி. "வா."

ஊரோடு இடுகாட்டுக்குப் போய், சமாதியில் ரொட்டியைப் பிட்டு வைத்தோம். குவளையை முதலில் ஷால்வாதான் வாங்கினான். "என்னால முடியாது அத்தை" என்று என்னிடம் நீட்டினான். எனக்கும் துணிச்சல் இல்லை. அண்ணி வாங்கிக்கொண்டாள். அவள் நகங்களில் இன்னும் அந்தக் களிமண் இருந்தது. குனிந்து, ரொட்டியின் மேலும் மண்ணின் மேலும் நிதானமாக ஊற்றினாள்.

"ஏங்க, இது நம்ம ஒயினு இல்லீங்க. கோச்சா ஒயினு."

மண் அதை உறிஞ்சிக்கொண்டது. அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் தாழக் குனிந்தாள்.

"உங்களுது பூராவையும் நான் பாழாக்கிட்டேன். திட்டுங்க. ஒரு வார்த்தை திட்டுங்களேன்."

கோச்சா தொப்பியைக் கழற்றினான். ஊர் ஜனம் அசையாமல் நின்றது. நானும்தான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வாசனை பட்டதுமே கத்தித் தீர்க்கிற அண்ணன், கோச்சாவின் ஒயின் முழுக்க உள்ளே இறங்கியும் ஒன்றும் சொல்லவில்லை.